நர்ஸ் பாப்பா

யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் பாப்பா திருத்த மாட்டாள்.

பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடைக்காரர்தான் முதல் ஆளாகக் கேட்பார், "இன்னாம்மா, துபாய்ல வெயிலு எப்டி?" என்று. பாப்பா இருந்தது ஜெர்மனியில். "தாங்க முடியலண்ணா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு வருவாள். தெருக்கோடியில் பார்வை மங்கிய ஒரு பெரியவர் இருந்தார். அவளை யாரோ சுண்ணாம்புக்குளத்துச் சொந்தக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டு, "உங்கப்பன் படகு வித்துட்டானாமே" என்று வருத்தப்படுவார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத அந்தப் படகுக்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுவிட்டு வருவாள்.

அவள் வரும்போதெல்லாம் என் அத்தை சுறாப்புட்டு செய்வாள். தன் மகளுக்கு அது உயிர் என்று அவள் எண்ணம். பாப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். ஒருநாள் நான் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனபோது, வேலியைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சுறா அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாதாம்.

"சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"அம்மா ஆசையா செஞ்சிது அண்ணி. நீங்க சொல்லிடாதீங்க."

பாப்பா என் வீட்டுக்காரரின் தங்கை. வயதில் என்னைவிட மூத்தவள். ஆனாலும் நான் அவளுக்கு அண்ணி, அவள் எனக்குப் பாப்பா. வீட்டில் எல்லாரும் கூப்பிட்ட பெயரே எனக்கும் வாயில் வந்துவிட்டது. நான் அனுப்பம்பட்டிலிருந்து இந்த ஏரிக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதே அவள் வெளிநாடு போயிருந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவாள், சில நாள் இருப்பாள், போய்விடுவாள். என் மாமனார் ஏரியிலும் முகத்துவாரத்திலும் வலை போட்டுப் பிழைத்தவர். பிள்ளைகளுக்கு நைனா, எனக்கு மாமா.

பாப்பா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் எங்கள் குப்பத்தில் குழந்தைகூடச் சொல்லும். ஜெர்மனியில் நர்ஸ்.

அவள் வந்த மறுநாள் காலையிலேயே எங்கள் வீட்டு வாசலில் கூட்டம் சேரும். மூட்டுவலி, தலைசுற்றல், குழந்தைக்குச் சளி. மாமா பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, தானே ஆள் கூப்பிட்டு உட்கார வைப்பார். பாப்பா ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அதில் வரும் எண்ணைச் சத்தமாகப் படிப்பாள். வைட்டமின் மாத்திரை கொடுப்பாள், தைலம் கொடுப்பாள். கடைசியில் எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான். "தண்ணி நெறைய குடிங்க. பொன்னேரி ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டிடுங்க."

அதற்கே ஜனம் மயங்கியது. "நம்ம ஊரு நர்ஸுங்க மாதிரி பட்டுனு ஊசியத் தூக்கறதில்ல. எவ்ளோ பொறுமை பாரு" என்பார்கள்.

ஒருமுறை கருவாடு விற்கும் அக்கா ஒருத்தி உட்கார்ந்தாள். பாப்பா அவள் கையைப் பிடித்தாள். வழக்கம்போல் கண்ணை மூடினாள். சிறிது நேரத்தில் அவள் வலது கால் தரையில் தட்ட ஆரம்பித்தது. தட்டிக்கொண்டே வந்த கால் சட்டென்று நின்றது. திரும்பவும் தட்டியது, திரும்பவும் நின்றது. கண்ணைத் திறந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"எனக்கு இன்னாம்மா? வயித்துவலிக்குத்தானே வந்தேன்."

"உங்க துடிப்பு ஒழுங்கா விழல. விழ வேண்டிய எடத்துல விழாம தள்ளி விழுது. போங்க, இப்பவே போங்க."

பாப்பா யாரிடமும் அப்படிக் கறாராகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த அக்காவைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். இதயத் துடிப்பில் கோளாறு இருப்பது உண்மைதான் என்று சொல்லி, அங்கேயே சேர்த்து வைத்தியம் பார்த்தார்கள். "மிஷின் இல்லாம வெறும் கையால கண்டுபிடிச்சது யாரு?" என்று டாக்டரே கேட்டாராம். அதற்குப் பிறகு மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. எளாவூர் செக்போஸ்ட் வரை போய், தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார். ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தபோது பாப்பா அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் காய்ச்சல் என்று நினைத்தேன்.

அவளிடம் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. அவள் அடுப்படியில் ஒரு வேலையும் செய்ய மாட்டாள். நண்டு உடைக்கக் கூப்பிட்டால் "இதோ அண்ணி" என்று வருவாள். ஆனால் கையை நீட்டுவதற்குள் அவள் முகம் போகும் போக்கைப் பார்த்து நானே போகச் சொல்லிவிடுவேன். தினமும் வெந்நீரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் விரல்கள் தொடைமேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே மாதிரி ஓடும். எங்கோ ஓரிடத்தில் தடுக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பொன்னேரி வரும்வரை அந்த ஒரே இடத்தையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பாவம், நரம்புத் தளர்ச்சி, நர்ஸாக இருந்தும் தனக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று எண்ணினேன்.

இன்னொரு முறை புதுப் படகைத் தண்ணீரில் இறக்கினோம். என் வீட்டுக்காரர் படகிலிருந்து கயிற்றை வீசி, "பாப்பா, புடி!" என்று கத்தினார். பிடித்தாள். அலை படகை இழுத்தது. விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கயிறு அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. எல்லாரும் பதறினோம். அவள் சிரித்தாள். "ஒண்ணும் இல்லண்ணா, ஒண்ணும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே ரத்தத்தைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

பிறகுதான் மாமாவின் கால்.

ஏரி நடுவில் தண்ணீர் வற்றிய மேட்டில் படகு தட்டியிருக்கிறது. இறங்கித் தள்ளியபோது சேற்றில் கிடந்த கிளிஞ்சல் ஓடு காலைக் கிழித்துவிட்டது. மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வா என்று தினமும் சண்டை போட்டார். "காஞ்சினு வருது, போடா" என்று அவர் விரட்டுவார். துணியைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு வலைக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருப்பார். யாரையும் பிரித்துப் பார்க்க விடவில்லை. கொட்டகையில் நாற்றம் வந்தது. நண்டுக்கு வைக்கும் மீன் துண்டு அழுகிய நாற்றம் அங்கே எப்போதும் இருப்பதுதான். நாங்கள் அதைத்தான் நினைத்தோம்.

அந்த வாரங்களில் பாப்பா போனில் பேசியபோதெல்லாம் மாமா, "கால்ல ஒரு கீறல்மா" என்று சொல்லியிருக்கிறார். அவளும் வழக்கம்போல், "ஆஸ்பத்திரில காட்டு நைனா" என்றிருக்கிறாள். "நீதான் அடுத்த மாசம் வர்றியே, நீ பாத்துக்கோ" என்று அவர் சொல்ல, "சரி நைனா" என்றிருக்கிறாள்.

அவள் வந்து இறங்கியது முற்பகல். வாசலில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். மாமா அவர்களை எல்லாம் கையமர்த்திவிட்டு, இன்று முதல் ஆள் தான்தான் என்று நாற்காலியில் உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எவன் கையும் படக்கூடாதுன்னு உனுக்காகவே வச்சினு இருந்தேம்மா. பாரு."

பாப்பா மண்டியிட்டுக் கவரைப் பிரித்தாள். துணியைப் பிரித்தாள். கடைசிச் சுற்று தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கூட்டத்தில் யாரோ "ஐயோ சாமி" என்று மூக்கைப் பொத்தினார்கள். இரண்டு விரல்கள் கறுத்துக் கரிக்கட்டையாக இருந்தன. கறுப்பு பாதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே வீட்டில், கண் முன்னால், ஒரு மனிதனின் கால் செத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மாமா மட்டும் கலங்கவில்லை. "கழுவிட்டு, வெட்ட வேண்டியத வெட்டிடு. நீ வெட்டுனா எனக்கு வலிக்காது" என்றார்.

பாப்பா எழுந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடியே நின்றாள்.

"நைனா, நான் நர்ஸு இல்ல."

யாருக்கும் காதில் ஏறவில்லை. "வெந்நி போடச் சொல்லவா?" என்று அத்தை கேட்டாள்.

"அம்மா, நான் நர்ஸு இல்ல. எனக்கு வைத்தியம் எதுவும் தெரியாது. நான் பியானோ வாசிக்கிறேன்."

"இன்னா வாசிக்கிறே?"

"பியானோ. ஆர்மோனியம் மாதிரி, பெருசு. மேடையில கச்சேரி பண்றேன். அதான் என் வேல. எப்பவுமே அதுதான் என் வேல."

ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு அதுவும் நின்றுபோனது. கருவாட்டுக்கார அக்கா தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு, "அப்ப என் நாடி?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் தங்கையையே பார்த்தபடி நின்றார், யாரோ அறைந்ததுபோல.

மாமா மெதுவாகக் குனிந்தார். கீழே கிடந்த துணியை எடுத்து அந்தக் காலைத் திரும்பவும் மூடப் பார்த்தார். எத்தனையோ பேர் பார்க்கத் தான் அம்மணமாக உட்கார்ந்திருப்பது போல அவசர அவசரமாக மூடினார்.

"அண்ணா, வண்டி எடு!" என்று பாப்பா கத்தியபோதுதான் எங்களுக்கு உடம்பில் அசைவு வந்தது.

ஆட்டோவில் அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குலுக்கல் படாமல் இரு கையாலும் ஏந்திக்கொண்டே வந்தாள். நண்டைத் தொடப் பயந்த கை. சீழும் ரத்தமும் அவள் விரல் இடுக்கில் வழிந்தது. மாமா ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. பொன்னேரியில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்கு அனுப்பினார்கள்.

"இவ்வளவு நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? மொதல்லயே வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்" என்றார் அங்கிருந்த டாக்டர்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நானும் அவளும்தான் மாற்றி மாற்றி இருந்தோம். நான் ஐஸ் கம்பெனி வேலைக்கு லீவு போட்டிருந்தேன். அவள் போன் ஓயாமல் அடித்தது. எனக்குப் புரியாத பாஷையில், தாழ்ந்த குரலில், ஒரே மாதிரிப் பதில் சொன்னாள். என்னவென்று கேட்டேன். "வரமுடியாதுன்னு சொல்றேன் அண்ணி. இந்த சீசன் கச்சேரி எல்லாத்தையும் நிறுத்திட்டேன்" என்றாள். அப்படி ஆரம்பித்த பேச்சில்தான், இத்தனை வருடம் எங்கள் வீட்டில் தங்கிப்போனவள் யார் என்பது எனக்குத் தெரிந்தது.

அவள் ஐந்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்தை யாரும் சொல்லித்தராமல் வாசித்திருக்கிறாள். அதைப் பார்த்த கன்னியாஸ்திரி ஒருவர், சென்னையில் தங்கள் விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கிறோம் என்று வீடு தேடி வந்திருக்கிறார்.

"அவங்க இன்னா சொன்னாங்க தெரியுமா? 'இவ எங்க சிஸ்டருங்ககூடவே இருப்பா, நல்ல ட்ரெயினிங் குடுப்போம்'னு சொன்னாங்க. நைனா அப்டியே எழுந்து நின்னு கும்பிட்டுட்டாரு. மறுநாளே கரை பூரா, 'எம் பொண்ணு நர்ஸு ட்ரெயினிங் போறா'ன்னு சொல்லினு வந்தாரு."

எங்கள் பக்கம் கன்னியாஸ்திரியும் சிஸ்டர்தான், நர்ஸும் சிஸ்டர்தான்.

"நைனா அவ்ளோ சந்தோசமா இருந்து நான் பாத்ததே இல்ல அண்ணி. எப்டி இல்லன்னு சொல்றது? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அந்த விடுதியின் பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு பழைய பியானோ இருந்தது. வயதான சிஸ்டர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். பரீட்சைகள் எழுதினாள், உதவித்தொகை கிடைத்து ஜெர்மனி போனாள். அங்கே கூடப் படித்தவர்கள் எல்லாம் நாலு வயதில், ஐந்து வயதில் ஆரம்பித்தவர்கள். அவர்களை எட்டிப் பிடிக்க விரல் வீங்கும்வரை வாசித்தாளாம். படிப்பு முடிந்ததும் வேலை இல்லை. நாட்டியப் பள்ளியில் குழந்தைகள் குதிப்பதற்கு வாசித்தாள். முதியோர் இல்லத்தில் வாசித்தாள். சாவு வீட்டுப் பிரார்த்தனைக்கு வாசித்தாள். ஒருநாள் பெரிய வித்வான் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, சாயங்காலக் கச்சேரிக்கு ஆள் கிடைக்காமல் காலையில் இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனாள். எண்பது பேர் கொண்ட வாத்தியக் குழு பின்னால் உட்கார்ந்திருக்க, நடுவில் இவள்.

"பயமா இல்லியா?"

"இங்க வாசல்ல உக்காந்து நாடி பாக்கறப்ப இருந்த பயத்துல கால்வாசிகூட இல்ல" என்றாள்.

அதன்பிறகு ஊர் ஊராகக் கச்சேரி. ஒரே பாட்டு நாற்பது நிமிடம்கூட வருமாம். அத்தனையும் மனப்பாடம். முன்னால் காகிதம் இருக்காது. "வயலின்காரன் தன் வயலின எடுத்துனு போவான் அண்ணி. நான் எத எடுத்துனு போறது? போற ஊர்ல எது நிக்குதோ அததான் வாசிக்கணும். ஒரு ஊர்ல அழுத்தற கட்டை எரும மாதிரி அசையாது. இன்னொரு ஊர்ல தொட்டாலே கத்தும். ரெண்டு மணி நேரத்துல அதோட சமாதானம் ஆகிடணும்." கயிறு கையை அறுத்த வருடம் ஒரு மாதக் கச்சேரி எல்லாம் போய்விட்டது என்றாள். ஒரு நகரத்தில் சுவரில் ஆளுயரத்துக்கு அவள் படம் ஒட்டியிருந்தார்களாம். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே யாராவது அவள் போனில் பார்த்துவிடுவார்கள் என்று பயம். பெயரையும் பாதியாக வெட்டி வேறு மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆயிரம் பேர் மூச்சுவிடாமல் கேட்கும் ஒருத்தி எங்கள் வீட்டுப் பாயில் படுத்து எழுந்து போயிருக்கிறாள். அவளை ஆட்டோவில் பார்த்து நரம்புத் தளர்ச்சி என்று நான் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

"எத்தன தடவ வந்தே. ஒரு தடவ சொல்லியிருக்கலாமே பாப்பா?"

"ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் வருவேன். வாசப்படி ஏறறதுக்குள்ள நைனா யாரையாவது கூட்டினு வந்து நிப்பாரு. 'இவனுக்குக் கொஞ்சம் பாரும்மா'ன்னு. அவ்ளோதான், வாய் அடைச்சிடும்." அவள் வார்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஒரு தடவ இல்லன்னு சொல்லியிருந்தா அவருக்குக் கால் இருந்திருக்கும், இல்ல அண்ணி?"

ஆமாம் என்பதுதான் பதில். அவளுக்கும் தெரிந்திருந்தது.

ஊரில் வேறு மாதிரி பேச்சு ஓடியது. அங்கே கிளப்பில் ஆடுகிறாளாம், குடித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பாட்டு வாசிக்கிறாளாம், அதனால்தான் மறைத்திருக்கிறாள் என்றார்கள். அவள் கொடுத்த மாத்திரையைத் தின்றதால் இப்போது வயிறு எரிகிறது என்று இரண்டு பேர் வந்து கத்திவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் வெளியே தலைகாட்டவில்லை. பாப்பா அதையும் திருத்தவில்லை. "போய்ச் சொல்லு, நீ யாருன்னு எல்லாருக்கும் சொல்லு" என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். "அவங்க கோவம் ஞாயம்தானே அண்ணி" என்றாள்.

மாமா வீட்டுக்கு வந்தபிறகும் அவளோடு பேசவில்லை. அவள் கட்டுப் பிரித்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டார். சோறு வைத்தால் சாப்பிட்டார். மாதக்கணக்கில் அப்படியே போனது. ஊன்றுகோலோடு வாசல் வரை நடக்க ஆரம்பித்த பிறகுதான் அவள் கிளம்பினாள். பெட்டியோடு எதிரில் வந்து நின்றவளிடம், "போய்ட்டு வா" என்ற இரண்டு வார்த்தை சொன்னார். அவள் எங்கே போகிறாள் என்றோ, எதற்குப் போகிறாள் என்றோ கேட்கவில்லை.

மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் மதியம் சாப்பாடு முடிந்து நான் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று, "அவளுக்கு அங்க வேற பேராமே. உனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் மாமா."

"போன்ல வருமா?"

"வரும்."

"போடு, பாப்போம்."

நான்கூட அதுவரை பார்த்ததில்லை. ஏதோ ஒரு பயம். பெயரை எழுதியதும் வரிசையாக வந்து விழுந்தன. ஒன்றைத் தொட்டேன். பெரிய மண்டபம், கறுப்புக் கண்ணாடிபோல் பளபளக்கும் நீண்ட பியானோ. கறுப்பு உடையில் நம் பாப்பா நடந்து வந்து உட்கார்ந்தாள். மடியில் கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் சும்மா இருந்தாள். பிறகு தொட்டாள்.

முதலில் மெல்லத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் போனதும் இடி இறங்கியதுபோல் ஒரு சத்தம். நான் போனைத் தவறவிடப் பார்த்தேன். அவள் இருக்கையிலிருந்து எழும்பி எழும்பி அடித்தாள். பல்லைக் கடித்திருந்தாள். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது, வியர்வை கட்டைகளின் மேல் சொட்டியது, அவள் எதையும் கவனிக்கவில்லை. எனக்குத் தெரிந்த முகத்தின் ஒரு சாயலும் அதில் இல்லை. வழியில் இப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருந்தால் பயந்து ஒதுங்கியிருப்பேன்.

மாமா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இவ கோவமா இருக்கா" என்றார்.

"வாசிக்கிறப்ப அப்டித்தான் இருக்கும்போல மாமா."

"எனக்குத் தெரியாதா? என் மூஞ்சி அது. வலைய எவனாவது அறுத்துட்டா எனக்கு வர்ற மூஞ்சி." கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சொன்னார். "இத்தினி கோவத்த இவ எங்க வச்சினு இருந்தா? எங்கிட்ட ஒரு நாள் மொறைச்சிப் பேசனதில்லியே."

முழுவதையும் பார்த்தார். அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அவர்களை அவர் பார்க்கவே இல்லை. பாப்பா எழுந்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, குனிந்து வணங்கிச் சிரித்தாள். எங்களுக்குத் தெரிந்த அதே சிரிப்பு.

"தோ, கோவத்த மூடிட்டா பாரு" என்றார் மாமா. பிறகு, "போன் போடு அவளுக்கு."

போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்.

"நைனா? காலு வலிக்குதா? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீ வாசிச்சத பாத்தேன்."

மாமா ஊன்றுகோலை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"எம்மேல கோவமாம்மா உனுக்கு?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல நைனா."

"இல்லன்னு சொல்லாத. எனக்குப் புடிச்சத சொல்லாத. கோவம் இல்லியா உனுக்கு?"

போன் கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"ஆமா" என்றாள் பாப்பா. அவ்வளவு சின்னதாகத்தான் ஆரம்பித்தது. "ஆமா நைனா, கோவம்தான். யாரக் கேட்டு ஊர் பூரா நர்ஸுன்னு சொன்னே? 'இன்னாம்மா வேல பண்றே, எப்டி இருக்கே, அங்க இன்னா சாப்புடறே'ன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேட்டியா நீ? வந்து எறங்கனதும் நாற்காலி போட்டு உக்கார வச்சியே, நான் உம் பொண்ணா, உன் பெருமைக்கு வச்ச பொம்மையா? கால அழுக வச்சினு எனக்காகக் காத்துனு இருந்தியே, அறிவு இருக்கா உனக்கு? செத்துப் போயிருந்தா? நீ செத்துப் போயிருந்தா நான் எப்டி நைனா அதுக்கப்புறம் கை வச்சி வாசிப்பேன்?"

எங்கள் வீட்டில் யாருக்கும் அவ்வளவு பெரிய குரல் கிடையாது. போன் அந்தக் குரலைத் தாங்காமல் கரகரத்தது. மீன் அரிந்துகொண்டிருந்த அத்தை, கையெல்லாம் செதிலோடு பின்பக்கமிருந்து ஓடி வந்தாள்.

"யாருடி அது இப்டிக் கத்துறது?"

"பாப்பா" என்றேன்.

அத்தை நம்பாமல் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடித் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, எங்கே வைத்துவிடப் போகிறாளோ என்று பயந்தவர்போல அவசரமாகச் சொன்னார்.

"இன்னும் சொல்லும்மா. கேட்டுனுதான் இருக்கேன்."